மின்வலிப்புச் சிகிச்சை: ஓர் அச்சத்தின் வரலாறு

மின்வலிப்புச் சிகிச்சை பற்றிய அச்சத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் வரலாறு அதற்கு இடந்தரவில்லை. அச்சிகிச்சை தோன்றியதே மற்றோர் அச்சத்துக்கு மாற்றாகத்தான்.

1934-இல் புடாபெஸ்ட் நகரில் லாடிஸ்லாஸ் மெடுனா, மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கற்பூரக் கரைசலை ஊசிவழிச் செலுத்தி வலிப்பை உண்டாக்கினார். பின்னர் கார்டியசோல் என்னும் மருந்துக்கு மாறினார். மருந்து ஏறியதற்கும் வலிப்பு தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரத்தில் நோயாளி நினைவோடிருந்தார். சாவு நெருங்குவது போன்ற திகில் அவரைப் பற்றிக்கொண்டது. மறுமுறை அந்த ஊசியைக் கண்டாலே பலர் நடுங்கினர். மின்சாரமோ பாய்ந்த கணமே நினைவை நீக்கியது. ஆகவே அது கருணைமிக்க வழியாகவே வரவேற்கப்பட்டது.

1938 ஏப்ரலில் உகோ செர்லெட்டியும் லூச்சோ பினியும் ரோம் நகரில் அதை முதன்முதலாக ஒரு மனிதர்மேல் செலுத்தினர். இரயில் நிலையத்தில் திரிந்தபோது காவல்துறையினரால் பிடிக்கப்பட்டு, குழறிய பேச்சோடு அனுப்பப்பட்டவர் அவர். முதல் அதிர்ச்சி போதவில்லை. மீண்டும் செலுத்துவது பற்றி மருத்துவர்கள் பேசிக்கொண்டிருக்கையில், இன்னொரு முறை வேண்டாம், அது கொன்றுவிடும் என்ற பொருள்பட அவர் தெளிவாகச் சொன்னதாகச் செர்லெட்டியே பதிவுசெய்தார். ஆயினும் மின்சாரம் மீண்டும் செலுத்தப்பட்டது. நோயாளியின் மறுப்பு முதல் நாளிலேயே கேட்டது, ஏற்கப்படவில்லை.

தொடக்க ஆண்டுகளில் வலிப்பின் வேகத்தால் முதுகெலும்பு முறிவுகள் நேர்ந்தன. 1940-களில் குராரேயும் 1950-களில் சக்சினைல்கோலினும் தசைகளைத் தளர்த்தி அந்த ஆபத்தைக் குறைத்தன. மயக்க மருந்தும் உடன் சேர்ந்தது. ஆனால் இந்தியாவின் பல மருத்துவமனைகளில், மயக்கவியல் மருத்துவர் பற்றாக்குறையைக் காட்டி, மயக்கமின்றிக் கொடுக்கும் முறை நெடுங்காலம் நீடித்தது. 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் தீக்கிரையாயினர். அதே ஆண்டில் ‘சார்த்தக்’ என்னும் அமைப்பு அம்முறையைத் தடைசெய்யக் கோரி உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு அதைத் தடைசெய்தது. சிறார்க்குக் காப்பாளரின் இசைவும் வாரியத்தின் முன் அனுமதியும் இன்றிக் கொடுத்தல் கூடாது. அவசரகாலச் சிகிச்சை என்னும் பெயராலும் இதைக் கையாள இயலாது.

கடும் மனச்சோர்விலும் உடல் உறைநிலையிலும் இச்சிகிச்சை உயிர்காப்பதாக இன்று மருத்துவம் கருதுகிறது. பேச்சு வழக்கிலோ அது இன்னும் ‘கரண்ட் வைப்பது’, ‘ஷாக் கொடுப்பது’தான். இத்தொடர்களில் மின்சாரம் இருக்கிறது, கொடுப்பவர் இருக்கிறார். மயக்க மருந்தும் இல்லை, நோயாளியின் இசைவும் இல்லை. சட்டம் கைவிட்ட முறையை மொழி இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

எஞ்சியுள்ள அச்சங்களுள் நினைவிழப்பு முதன்மையானது; அதற்கு ஆதாரமும் உண்டு. சிகிச்சையை ஒட்டிய வாரங்களின் நினைவுகள் சிலருக்கு மீள்வதில்லை. அதை மறைத்துப் பெறும் கையொப்பம் இசைவாகாது. எத்தனை முறை, யார் மயக்கம் தருவார், நினைவு எவ்வாறு சோதிக்கப்படும், நடுவில் நிறுத்தலாமா என்று கேட்கும் நோயாளி சிகிச்சையைத் தடுப்பவரல்லர். 1938-இல் ரோமில் பதில் பெறாமற்போன குரலுக்கு உரிய விடையைத்தான் அவர் கேட்கிறார்.