செங்கணியானும் சிவப்புப் பட்டியலும்: ஓடை மீன்களின் காப்புநிலை குறித்து

கொல்கத்தாவின் ஜாதவ்பூர் வீடுகளில் உள்ள கண்ணாடித் தொட்டிகளில் நீந்தும் வண்ணமீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கொல்கத்தா விமான நிலையம் வழியே வெளிநாடு போகும் இந்திய ஓடை மீன்களின் கதை வேறு. வடவங்காளத்திலும் அசாமிலும் மலையடி ஓடைகளில் வலையிட்டுப் பிடித்தவை அவை. 1822இல் பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்கள் பற்றிய நூலில் விவரித்த டாரியோ டாரியோ அவற்றுள் ஒன்று. வளர்ந்தாலும் 2 செ.மீ. அளவுதான். சிவந்த ஆண் மீன்களுக்கே விலை என்பதால், ஏற்றுமதிப் பெட்டிகளில் பெண் மீன்கள் அரிதாகவே இருக்கும்.

இத்தகைய மீனின் காப்புநிலையை எதை வைத்து முடிவு செய்வது? மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்கணியான் இதற்குத் தெளிவான விடை தருகிறது.

கேரளத்தின் முண்டக்கயத்தில் கிடைத்த இம்மீனை 1865இல் பிரான்சிஸ் டே விவரித்து, சென்னை மாகாண ஆளுநர் டெனிசனின் பெயரைச் சூட்டினார். நூற்றாண்டுக்கும் மேலாக அது வணிகர் கண்ணில் படவில்லை. 1997இல் சிங்கப்பூரின் அக்வாரமா வண்ணமீன் கண்காட்சியில் பரிசு பெற்றதும் 'மிஸ் கேரளா' என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போனது. இன்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யூ.சி.என்.) சிவப்புப் பட்டியலில் அது அருகிவரும் இனம்.

பரவலை வைத்து அந்த நிலையை அளிப்பதற்குக் கணக்கு உண்டு: பரவல் 5,000 சதுர கி.மீ.க்குள் இருக்க வேண்டும். வாழிடங்கள் ஐந்துக்கு மிகாமல், தொடர்ந்து சீரழிந்து வர வேண்டும். அளவுகோல் நல்லதுதான். ஆனால் அது முழு இனத்தையும் ஒன்றாக அளக்கிறது. 2013இல் வெளியான மரபணு ஆய்வோ, செங்கணியான் என்று ஒரே பெயரில் விற்கப்படும் மீன்களுக்குள் தனித்தனி மரபு வழிகள் பல இருப்பதைக் காட்டியது. அப்படியானால் ஓர் ஆற்றில் மீன் தீர்ந்துபோவது உள்ளூர் இழப்பு மட்டுமன்று. ஒரு மரபு வழியே அற்றுப்போகலாம். இலங்கையின் கலபிடமடைப் பகுதியில் ஒரே ஓடையில் கண்டறியப்பட்ட பெத்தியா பந்துலா என்ற மீன் மிக அருகிய இனமாக வகைப்படுத்தப்பட்டதற்கும் இந்தக் குறுகிய வாழிடமே காரணம்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2008இல் கேரள அரசு செங்கணியானைப் பிடிக்கக் கட்டுப்பாடு விதித்து, ஜூன், ஜூலை, அக்டோபர் மாதங்களைத் தடைக்காலம் ஆக்கியது. பிந்தைய ஆய்வுகளோ, அது அக்டோபர் முதல் மார்ச் வரை இனப்பெருக்கம் செய்வதைக் காட்டின. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்பது மீன்வளம் பெருகட்டும் என்றுதான். ஓடை மீனுக்கு அந்தக் கணக்கு பிசகிவிட்டது.

பெரிய ஓட்டை ஏற்றுமதிப் பதிவேட்டில் இருக்கிறது. சுங்கத்தில் நன்னீர் வண்ணமீன் அனைத்துக்கும் ஒரே வகைக்குறியீடு; எந்த மீன், எந்த ஆறு என்பதை அது சொல்லாது. 2005–2012 காலத்தில் அச்சுறுத்தலுக்குள்ளான 30 இனங்களைச் சேர்ந்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட மீன்கள் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியானதை ஆய்வாளர்கள்தாம் தேடித் தொகுத்து வெளியிட வேண்டியிருந்தது.

செங்கணியானைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்யும் நுட்பம் கேரளத்திலேயே உருவானது. ஆகவே வணிகத்தை மூட வேண்டியதில்லை. இனப்பெயரும் பிடித்த ஆற்றின் பெயரும் இல்லாத பெட்டியைக் கொல்கத்தாவிலோ சென்னையிலோ விமானத்தில் ஏற்றக் கூடாது. இந்திய விலங்கியல் மதிப்பாய்வு நிறுவனம் கொல்கத்தாவிலேயே இருக்கிறது. மீன்களை இனம் காணும் அதன் அறிவைச் சுங்கத்துறை இப்போதே பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.