வாயிலிருந்து ஏட்டுக்கு: ஸ்காட்லாந்துப் பேரிசைச் சுவடிகளும் அவற்றின் இந்தியத் தடமும்

கோலாலம்பூர் விழாக்களில் பேக்பைப் இசை நமக்குப் புதிதல்ல. 1986-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ தஸ்மேஷ் சீக்கியக் குழு அதை இந்நகரத்துக்குப் பழக்கப்பட்ட ஒலியாக்கிவிட்டது. ஆனால் அணிவகுப்பில் நாம் கேட்பது நடைமெட்டுகளும் ஆட்டமெட்டுகளுமான சிற்றிசை. ஸ்காட்லாந்து மேட்டுநில மக்கள் தங்கள் செவ்விசையாகப் போற்றுவது ‘கியோல் மோர்’ எனப்படும் பேரிசை. பிப்ராக் என்றும் அதற்குப் பெயருண்டு. நெடுங்காலம் வாய்மொழியாக வாழ்ந்த அவ்விசை 1760-ஐ ஒட்டிய ஆண்டுகள் முதல் 1948 வரை ஏடேறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. ஏடேற்றம் அந்த இசையைக் காத்தது என்பதும், ஓர் ஏட்டை மட்டுமே அளவுகோலாகக் கொண்டபோது அதன் பன்மை மங்கியது என்பதும் இக்கட்டுரையின் முடிபு. அந்த வரலாற்றின் முக்கியத் திருப்பங்கள் சில இந்தியாவோடு பிணைந்தவை.

இசையும் பயிற்றுமுறையும்

பேக்பைப்பின் இசைக்குழலில் ஒன்பது சுரங்களே உண்டு. நாகஸ்வரத்துக்கு ஒத்து இருப்பதுபோல், மூன்று சுருதிக்குழல்கள் இடைவிடாமல் ஒலிக்கின்றன. பேரிசையில் முதலில் ‘ஊர்லர்’ என்னும் அடிப்படை மெட்டு மெதுவாக வரும். பின் அதே மெட்டு படிப்படியாக அணிகள் ஏறி விரைந்து, இறுதியில் ஊர்லருக்கே திரும்பும்.

இக்கலையைப் பரம்பரைக் குடும்பங்கள் பேணின. ஸ்கை தீவில் டன்வேகன் கோட்டைத் தலைவர்களான மெக்லியட்களுக்கு வாசித்த மெக்கிரிமன் குடும்பம் அவற்றுள் புகழ்பெற்றது. நம் கோயில் மேளக்காரர்களுக்கு மானியம் இருந்ததுபோல் அவர்களுக்கும் போரரேக் என்னும் ஊரில் நிலம் இருந்தது. அங்கே அவர்கள் இசைப்பள்ளி நடத்தினர். பாடம் வாய்வழியே நடந்தது. ஒவ்வொரு சுரத்துக்கும் விரலடிக்கும் உரிய அசைகளைக் கோத்து ஆசிரியர் பாட, மாணவர் திருப்பிப் பாடி, பிறகே குழலைத் தொட்டனர். இந்த அசைப்பாட்டுக்குக் ‘கான்டரெக்’ என்று பெயர். தவில் சொற்கட்டையும் மல்லாரித் தத்தகாரத்தையும் வாயால் சொல்லிக் கற்ற நம்மவர்களுக்கு இம்முறையை விளக்கவே தேவையில்லை.

கப்பலில் எழுதப்பட்ட நூல்

1746-இல் குலோடன் போரில் மேட்டுநிலப் படை தோற்றது. குலத்தலைவர்களின் அதிகாரம் சரிந்தது. பரம்பரைக் கலைஞர்களின் வாழ்வும் அதோடு தளர்ந்தது. எழுதிவைக்கும் அவசரம் அப்போதுதான் பிறந்தது.

1739-இல் பிறந்த ஜோசப் மெக்டொனால்ட், டர்னஸ் என்னும் ஊரில் கிறிஸ்தவ குருவாக இருந்தவரின் மகன். ஐரோப்பிய இசையையும் முறையாகக் கற்றவர். கிழக்கிந்தியக் கம்பெனிப் பணிக்காக 1760-ஐ ஒட்டி இந்தியாவுக்குக் கப்பலேறிய அவர், அப்பயணத்தில் மேட்டுநில பேக்பைப்பின் முழு இலக்கணத்தை எழுதினார். இவ்விசை பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விரிவான நூல் அதுவே. விரலடி வகைகளோடு, இசைஞர்கள் கால அளவை விரல்விட்டு எண்ணிய முறையையும் அவர் பதிவுசெய்தார். அடிப்படை மெட்டு நான்கு பகுதிகளாய், பகுதிக்கு நான்கு விரலாய், பதினாறு விரல் அளவில் அமைந்தது என்பது அவர் தரும் கணக்கு. தாளத்தை விரலெண்ணிக் கற்கும் நமக்கு இது அரிய ஒப்புச் சான்று.

1763-இல், இருபத்துநான்கு வயதில், ஜோசப் இந்தியாவிலேயே இறந்தார். வங்காளத்தில் பணியாற்றிய ஜான் மெக்ரெகர் மரே அச்சுவடியை மீட்டு, ஜோசப்பின் அண்ணன் பேட்ரிக்கிடம் சேர்ப்பித்தார். 1803-இல் அது அச்சானது. அப்பதிப்பில் பிழைகள் மலிந்திருந்தன. எடின்பரோ பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள மூலச்சுவடியைக் கொண்டு ரோடரிக் கேனன் 1994-இல் வெளியிட்ட ஆய்வுப் பதிப்பே ஜோசப்பின் குரலைத் தெளிவாகக் கேட்கச் செய்தது.

அசைகளால் ஆன ஏடு

1797-இல் காலின் கேம்பல் என்னும் இசைஞர் வேறு வழியில் சென்றார். ஐரோப்பியக் கோட்டுக் குறியீட்டைத் தொடாமல், கான்டரெக் அசைகளையே எழுத்தாக்கினார். 1816-இல் எடின்பரோவில் நடந்த பேக்பைப் போட்டிக்கு அவருடைய மகன் ஒரு தொகுதியைக் கொண்டுவந்தபோது, பார்த்தவர்களுக்கு அது மேட்டுநில மக்களின் கேலிக் மொழியில் எழுதிய கதைபோலத் தோன்றியது. பின்னர் அது பார்வையிலிருந்து மறைந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மீண்டும் வெளிப்பட்டது. இரண்டு தொகுதிகளில் 169 உருப்படிகள் உள்ளன. மூன்றாம் தொகுதி தொலைந்துபோனது. 1828-இல் நீல் மெக்லியட் என்பவர் மெக்கிரிமன் குடும்பத்து ஜான் பாடக் கேட்டு வெளியிட்ட 20 உருப்படிகளின் அசைமுறை கேம்பலுடையதிலிருந்து வேறுபடுகிறது. ஒரே மரபுக்குள் பல பள்ளிகள், பல வாய்ப்பாடங்கள் வாழ்ந்தன என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அச்சும் அதிகாரமும்

லண்டன் மேட்டுநிலச் சங்கம் 1781 முதல் போட்டிகள் நடத்தியது. கோட்டுக் குறியீட்டில் இசையை எழுதுவோர்க்குப் பரிசும் அளித்தது. டொனால்ட் மெக்டொனால்டின் தொகுப்பு 1820-ஐ ஒட்டி வந்தது. 1838-இல் ஆங்கஸ் மெக்கே 61 உருப்படிகளை அச்சிட்டார். பின்னர் விக்டோரியா அரசியின் இசைஞரான அவருடைய நூல் போட்டி மேடையின் அளவுகோலாயிற்று.

பின்னர் வந்த தொகுப்பாளர்களுள் இருவர் இந்தியாவில் பணியாற்றியவர்கள். வங்காளப் பொறியியல் படை அதிகாரி சார்ல்ஸ் சிமியன் தாமசன் முதலில் சேர்த்த தொகுப்பை 1857 கிளர்ச்சியில் இழந்தார். மீண்டும் முதலிலிருந்து திரட்டி, தாமே வகுத்த சுருக்கக் குறியீட்டில் 1900-இல் ‘கியோல் மோர்’ நூலை வெளியிட்டார். லாகூர் உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஆர்ச்சிபால்ட் கேம்பல், 1903-இல் அமைந்த பிப்ராக் சங்கத்தின் பதிப்புகளைச் செம்மைசெய்தார். 1948-இல் தம் ஊரான கில்பெரியின் பெயரில் தொகுப்பும் கொணர்ந்தார்.

இந்த உழைப்பு இல்லையேல் பல உருப்படிகள் அழிந்திருக்கும். ஆனால் போட்டியாளர்கள் பிப்ராக் சங்கத்தின் பாடத்தையே வாசித்தனர். நடுவர்கள் அதையே எதிர்பார்த்தனர். ஓர் அணியில் மெக்கே எழுதிய கூடுதல் சுரத்தை வாசிப்பதா, விடுவதா என்று 20ஆம் நூற்றாண்டில் கடும் வாதம் எழுந்தது. குறியீட்டைப் பொருள்படுத்த வாய்மொழி வேண்டும் என்பதை அவ்வாதம் காட்டியது. 2000-இல் வில்லியம் டொனால்ட்சன் தம் ஆய்வில் சங்கத்தின் பதிப்பு முறையைக் கடுமையாக விமர்சித்தார். இன்று இசைஞர்கள் பழஞ்சுவடிகளுக்குத் திரும்பி, அச்சு விட்டுவிட்ட பாடங்களை மீண்டும் வாசிக்கின்றனர்.

முடிவுரை

பல பாடங்களையும் காக்க வேண்டும் என்பதைத் தமிழ்ப் பதிப்புலகம் வேறு துறையில் முன்பே கற்றது. உ.வே.சாமிநாதையர் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் காட்டிப் பதிப்பித்தார். இசையில் சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’, தம் குடும்பப் பாடங்களைக் கமகக் குறிகளோடு தந்தது. நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் அத்தகைய கவனம் போதிய அளவு கிட்டவில்லை.

மலேசியாவில் செமினி, காஜாங், கிள்ளான் வட்டாரக் கோயில்களில் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் கலைஞர்கள் பல பாணிகளை வாசிக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்து அவர்கள் ஊர் திரும்பும்போது அப்பாணிகளும் போய்விடுகின்றன. ஆலய நிர்வாகங்களும் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைகளும் இணைந்து அவர்களுடைய மல்லாரிகளையும் சொற்கட்டுகளையும் ஒலியிலும் எழுத்திலும் பதிவுசெய்ய வேண்டும். ஒவ்வொரு பாடத்தோடும் கலைஞர் பெயரும் குருமரபும் எழுதப்பட வேண்டும். ஒரே மல்லாரிக்கு மூன்று பாடங்கள் கிடைத்தால் மூன்றையும் காக்க வேண்டும். எது சரியென்று தீர்ப்பெழுதும் வேலையைப் பதிவாளர் ஏற்கக் கூடாது.