புகையை வரைந்தவர்கள்

சுருட்டைப் பற்றிய படப்புத்தகங்களில் மிகவும் பெயர்பெற்றது எழுதப்படவே இல்லை. எழுதியதாகச் சொல்லிக்கொண்டவர் ஷெர்லாக் ஹோம்ஸ். 140 வகைப் புகையிலையின் சாம்பலை வண்ணப் படங்களோடு விளக்கும் சிறுநூல் ஒன்றை வெளியிட்டிருப்பதாக, 1890-ல் வந்த 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலில் அவர் பெருமை பேசுகிறார். அதற்கு மூன்றாண்டு முந்திய 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' கதையிலேயே, தரையில் கிடந்த கருஞ்சாம்பலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, கொலையாளி பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று சொன்னவர் அவர். திருச்சிச் சரக்கு லண்டன் கொலை வழக்கில் சாட்சி சொன்னது. அந்தச் சுருட்டை உருட்டிய திருச்சி உறையூர்க்காரர்களுக்கு அதற்காக யாரும் ராயல்டி அனுப்பவில்லை.

ஹைதராபாத்தின் முறை 1965-ல் வந்தது. அந்த ஆண்டு சத்யஜித் ராய் 'சந்தேஷ்' பத்திரிகையில் அறிமுகப்படுத்திய துப்பறிவாளர் ஃபெலுடா விரும்பிப் பிடிப்பது சார்மினார் சிகரெட். கதையை எழுதியதோடு அதற்குப் படம் போட்டவரும் ராய்தான். 'சந்தேஷ்' சிறுவர் பத்திரிகை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இன்று அப்படியொரு நாயகனை எந்த ஆசிரியரும் உள்ளே விடமாட்டார்.

ஐரோப்பாவில் புகையிலையை வரைவது பழைய பழக்கம். 1570களின் தொடக்கத்தில் லண்டனில் வெளிவந்த பேனா, லோபெல் என்ற தாவர அறிஞர்கள் இருவரின் நூலில், புகையிலைச் செடிக்குப் பக்கத்திலேயே, புனல்போல் சுருட்டிய இலையை வாயில் வைத்துப் புகைவிடும் ஒரு தலை அச்சாகியிருக்கிறது. ஹைதராபாத் நகரம் எழுந்ததே 1591-ல்தான். பிறகு 1859-ல் ஃபேர்ஹோல்ட் என்ற ஓவியர் தாமே வரைந்த நூற்றுக்கு மேற்பட்ட படங்களோடு புகையிலையின் வரலாற்றை எழுதினார். மேசையில் விரித்து வைத்து ரசிக்கும் இன்றைய பளபளப்பான சுருட்டு நூல்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை: ஹவானா வயல், பழுப்பு இலை, தோல் நாற்காலி, கண்மூடிப் புகை இழுக்கும் கனவான்.

தக்காணத்தில் அப்படியொரு நூல் அன்று எழுதப்பட்டிருந்தால் முதல் அத்தியாயம் அசத் பேக்குடையது. அக்பரின் தூதராகப் பீஜப்பூர் போன இவர், அங்கே புகையிலையைக் கண்டார். வடக்கே அதுவரை அவர் அதைப் பார்த்ததில்லை. 1604 வாக்கில் ஆக்ரா திரும்பியபோது ஒரு மூட்டை இலையை மட்டும் கொண்டுபோய் நீட்டவில்லை. மூன்று முழ நீளக் குழாய், அதன் இரு முனையிலும் ரத்தினமும் மீனாகாரி வேலையும், வாயில் வைக்க யமன் நாட்டுச் செந்நிறக் கல், நெருப்பு வைக்கத் தங்கக் கிண்ணம் என்று ஜோடித்து, எல்லாவற்றையும் வெள்ளித் தட்டில் அடுக்கி வைத்தார். பாதுஷா இரண்டு மூன்று இழுப்பு இழுத்தார். அரண்மனை ஹக்கீம் பதறிப்போய்த் தடுத்தார்: நம் நூல்களில் சொல்லப்படாத மருந்து, யாரும் சோதித்துப் பார்க்காதது. அசத் பேக் விடவில்லை. ஃபரங்கிகளிடமும் அறிஞர்கள் உண்டு, எந்த வழக்கமும் ஒரு நாள் புதிதாக இருந்ததுதானே என்று வாதாடினார். அக்பர் வாதத்தை ரசித்தார், புகையைத் தொடரவில்லை. பிரபுக்கள் தொடர்ந்தார்கள். 1617-ல் ஜஹாங்கீர் தடை போட்டும் பயனில்லை. ஹக்கீம் சொன்னதுதான் சரி என்று மருத்துவம் ஏற்க முந்நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன.

அசத் பேக்கின் வெள்ளித் தட்டைப் பார்த்தால் ஒன்று புரியும். தக்காணத்தில் புகையிலை வந்த நாளிலிருந்தே கலைப்பொருளின் துணையோடுதான் சபையேறியது. அந்தக் கலையின் உச்சம் பீதர். 1956 வரை ஹைதராபாத் மாநிலத்தோடு இருந்த ஊர். துத்தநாகத்தோடு சிறிது செம்பு கலந்து ஹுக்காவின் அடிக்கலத்தை வார்த்து, அதில் கோடு கீறி வெள்ளி பதிப்பார்கள். கடைசியில் பீதர் கோட்டை மண்ணையும் நவச்சாரத்தையும் கரைத்துப் பூசினால் உலோகம் மட்டும் கன்னங்கரேல் என்றாகும். வெள்ளி வெள்ளியாகவே நிற்கும். 17-ஆம் நூற்றாண்டுக் கலங்கள் பந்துபோல் உருண்டையானவை, வளையத்தின் மேல்தான் நிற்கும். அடுத்த நூற்றாண்டில் அடி தட்டையாகி மணி வடிவம் வந்தது. ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் பீதர் வேலைப்பாடுகளைப் பார்க்கலாம். பாப்பிப் பூவும் கொடியுமாக ஒவ்வொரு கலமும் ஒரு படம். ஆனால் அதைச் செய்தவர் பெயரை எங்கும் காண்பது அரிது.

1930-ல் ஹைதராபாத்தில், சார்மினார் சிகரெட் தயாரிக்கும் வசீர் சுல்தான் டொபாகோ கம்பெனி தொடங்கியபின் படம் மலிவானது. நகரத்தின் நான்கு கோபுரங்களும் அட்டைப் பெட்டியில் ஏறி, சார்மினாரை ஒருநாளும் நேரில் காணாதவர்களின் சட்டைப் பையில் இந்தியா முழுக்கச் சுற்றின. 2009 மே 31 முதல் புகையிலைப் பொட்டலங்களில் வேறு படம் வந்தது, அரசாங்கம் போடும் எச்சரிக்கைப் படம். 2016 ஏப்ரல் முதல் அந்த எச்சரிக்கை, படமும் வாசகமுமாக, இரு பக்கத்திலும் 85 சதவீத இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இத்தனை படங்களிலும் ரசிப்பவர்தான் இருக்கிறார். அந்த ரசிகரும் எப்போதும் ஆண், வசதியுள்ளவர். கோதாவரித் தீவுகளில் விளையும் லங்கா புகையிலையில் சுட்டா உருட்டி, எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் பிடிக்கும் ஆந்திரக் கடலோரப் பெண்களை எந்த அலங்கார நூலும் சீந்தவில்லை. தெலுங்கில் அது 'அட்ட பொக'. காற்றில் அணையாது, இடுப்பில் இருக்கும் குழந்தை மேல் நெருப்புப் படாது என்று காரணம் சொல்வார்கள். அவர்கள் அச்சேறியது வாய்நோய்ப் பாடநூல்களில்தான். அங்கும் முகம் கிடையாது. வெந்து புண்ணான மேலண்ணத்தின் புகைப்படம் மட்டும்.

உருட்டுபவர்கள் கதையும் அதுவே. ஹவானாவில் 1865-ல் எல் ஃபிகாரோ தொழிற்சாலையில் ஒரு வழக்கம் தொடங்கியது: சுருட்டு உருட்டும்போது ஒருவர் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் உரக்கப் படிப்பார், அவர் கூலியைத் தொழிலாளிகளே தங்கள் கையிலிருந்து கொடுப்பார்கள். மறு ஆண்டே அரசு அதைத் தடுத்தும் வழக்கம் பிழைத்து வந்தது. 'மான்டி கிறிஸ்டோ' சுருட்டுக்கு அப்படிக் கேட்ட நாவலின் பெயர்தான் வந்தது என்பார்கள். கேரளத்தில் கண்ணூர்ப் பீடிக் கூடங்களிலும் செய்தித்தாள் வாசிப்பு நடந்தது.

அதற்கு எல்லோரும் சேர்ந்து உட்கார ஒரு கூடம் வேண்டும். தெலங்கானாவின் நிஜாமாபாத், காமாரெட்டி, ஜகித்யால் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் வீட்டுத் திண்ணையில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். இலையும் தூளும் ஒப்பந்தக்காரரிடமிருந்து வரும்; சுற்றிய கட்டு அவரிடமே திரும்பும்; சரியில்லாதவற்றை அவர் கழித்துப் போடுவார். 2015-ல் மாநில அரசு இவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியபோது, யார் பீடித் தொழிலாளி என்று தீர்மானிக்க வருங்கால வைப்பு நிதிக் கணக்கைத்தான் கேட்டார்கள்.