பிழையா, தாமதமா? மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் நைவுப்புண்களும் பகுத்தாராயும் திறனும்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளிடம் பகுத்தாராயும் திறன் குன்றுவதற்கு மூளையின் நெற்றிமடலில் உண்டாகும் நைவுப்புண்களே காரணம் என்னும் விளக்கம், எம்.ஆர்.ஐ. படங்கள் பரவலான பிறகு செல்வாக்குப் பெற்றது. திட்டமிடலும், விதி மாறும்போது அதற்கேற்ப மனத்தைத் திருப்பிக்கொள்வதும் நெற்றிமடலைச் சார்ந்த செயல்கள் ஆகையால் அங்கே புண் விழுந்தால் அவை குன்றும் என்பது இதன் வாதம். ஆனால் 1997இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வு, நெற்றிமடல் புண்களின் அளவுக்கும் இத்தகைய சோதனைகளின் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டபோதிலும், மூளை முழுவதிலுமுள்ள புண்களின் அளவைக் கணக்கில் சேர்த்தபின் நெற்றிமடலுக்கென்று ஒரு தனிப்பங்கை அதனால் பிரித்துக்காட்ட இயலவில்லை. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் உறை பல இடங்களில் சிதைவதால் செய்தி கடந்துசெல்லும் வேகம் மூளை முழுவதும் தளர்வதே முதன்மைக் குறை என்றும், பகுத்தாராய்வில் தோன்றும் பிழைகளில் பெரும்பங்கு அத்தளர்ச்சியின் விளைவே என்றும் கொள்வதற்குக் கூடுதல் சான்று உண்டு.

இவ்வழக்கில் மையமாக நிற்பது 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. அதற்கு அடிப்படையான கூட்டல் சோதனையில், ஒலிப்பதிவிலிருந்து எண்கள் ஒவ்வொன்றாக வர, ஒவ்வோர் எண்ணையும் அதற்கு முன் கேட்ட எண்ணோடு கூட்டிச் சொல்ல வேண்டும்: 5, 3 என்று கேட்டால் விடை 8, அடுத்து 6 வந்தால் விடை 9, ஏனெனில் கூட்ட வேண்டியது முன் சொன்ன விடையை அல்ல, முன் கேட்ட எண்ணை. எண்கள் வரும் இடைவெளியை ஒவ்வொருவருக்கும் ஏற்றவாறு கூட்டிக் குறைத்தபோது, நோயாளிகளுக்கு அதிக நேரம் தேவைப்பட்டது. அந்நேரம் கிடைத்தபின் அவர்கள் நலமானவர்களைப் போலவே சரியாக விடை சொன்னார்கள்.

இம்முடிவு வட்டமாகச் சுழல்கிறது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம்: அவரவர் திறனுக்கு ஏற்ப வேகத்தைத் தளர்த்திய பிறகு மதிப்பெண்கள் சமமாவதில் வியப்பு என்ன? எதிர்வாதம் கூர்மையானதுதான்; ஆயினும் சோதனையின் அமைப்பையே அது கவனிக்கத் தவறுகிறது. இடைவெளி நீண்டால் முந்தைய எண்ணை மனத்தில் தாங்கிக்கொள்ள வேண்டிய நேரமும் நீள்கிறது. குறை தாங்கும் திறனில் இருந்திருந்தால், நேரத்தை நீட்டியது நோயாளியை மேலும் தடுமாறச் செய்திருக்க வேண்டும். நடந்ததோ இதற்கு நேர்மாறு. நோய் முற்றிய நிலையில் நினைவைத் தாங்கும் திறனும் தனியே குன்றக்கூடும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது பின்னர் வந்து சேரும் குறை. வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் புலப்படாத புறணிப் புண்கள், அதாவது மூளையின் மேற்பரப்புச் சாம்பல் அடுக்கில் விழுபவை, நெற்றிமடல் வாதத்தைக் காப்பாற்றும் என்ற எண்ணமும் நெடுநாள் நிற்காது. 22 மூளைகளில் 1,594 புண்களை எண்ணிய 1962ஆம் ஆண்டின் ஆய்வு, அவற்றில் 26 விழுக்காடு சாம்பல்நிறப் பகுதியைத் தொட்டதாகக் கண்டது. கண்ணுக்குத் தப்பக்கூடிய புண்கள் இவ்வளவு இருக்கின்றன என்பது ஒரே மடலின்மீது பழி சுமத்துவதற்கு உதவும் செய்தியன்று.

வெப்பம் இவ்விவாதத்தில் போதிய அளவு பயன்படுத்தப்படாத சாட்சி. உடலுழைப்பின்போது இந்நோயாளிகளின் பார்வை தற்காலிகமாக மங்குவதைக் கண் மருத்துவர் ஊத்தோஃப் 1890இல் விவரித்தார். உடல் சூடேறும்போது, உறை இழந்த இழைகளில் செய்தி கடத்தப்படுவது தடைப்படுவதே அதன் காரணம். வெளிவெப்பம் மிகுந்த நாட்களில் நோயாளிகளின் சிந்தனைத்திறன் மதிப்பெண்கள் தாழ்வதையும், நலமானவர்களிடம் அவ்வாறு நேராததையும் 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. புதுப் புண் விழாமலே சிந்தனை தளர்ந்து, குளிர்ந்தபின் மீள முடியுமானால், குறை அழிந்த ஓரிடத்தில் இருப்பதைவிடக் கடத்தலில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். கோடையில் நோயே கிளர்ந்தெழுகிறதோ என்ற ஐயத்தை அந்த ஓர் ஆய்வைக் கொண்டு முற்றாக நீக்க இயலாது என்பது உண்மையே.

கேரளத்தின் தமிழ் எல்லைப்பகுதிகளில், குறை வேகத்திலா பகுத்தாராய்விலா என்னும் இவ்வேறுபாடு வெறும் கொள்கைப் பூசலாக நிற்பதில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பாலக்காட்டுக் கணவாயையொட்டிய சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் வெப்பம் 40 பாகை செல்சியஸை நெருங்க, சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாறில் அப்போதும் குளிர்ச்சி இருக்கும். தேதியும் வெப்பமும் குறிக்கப்படாத மதிப்பெண்களை வைத்து இவ்விரு பகுதிகளின் நோயாளிகளை ஒப்பிட்டால், நோயின் வேறுபாடு எது, வானிலையின் வேறுபாடு எது என்று பிரிக்க முடியாது. மொழி இன்னொரு சிக்கல். சித்தூர்க்காரர் ஒருமுறை கோயம்புத்தூரிலும் மறுமுறை திருச்சூரிலும், குமுளிக்காரர் ஒருமுறை மதுரையிலும் மறுமுறை கோட்டயத்திலும் சோதிக்கப்படலாம். தமிழ்வழியில் பள்ளி முடித்த தோட்டத் தொழிலாளியிடம் மலையாளச் சொற்பட்டியலை வாசித்து நினைவை அளந்தால், அங்கே தெரியும் வீழ்ச்சியை நைவுப்புண்ணின் கணக்கில் எழுதுவது பிழை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தார் ஓர் ஆங்கிலச் சிந்தனைத்திறன் சோதனையை மலையாளத்திற்கு ஏற்ப மாற்றி 2004இல் வெளியிட்டபோது, கல்வியளவுக்கேற்ப மதிப்பெண்களை வேறாக நோக்க வேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் வளர்ந்து சில வகுப்புகளோடு படிப்பை நிறுத்தியவர்களைப் பொறுத்தவரை அத்தேவை இன்னும் கூடுதல்.

குறியீடுகளுக்கு உரிய எண்களை 90 நொடியில் வாயால் சொல்லச் செய்யும் சோதனை இம்மொழிச் சிக்கலிலிருந்து பெருமளவு தப்புகிறது. ஒன்பது வரையான எண்களின் பெயர்கள் தமிழிலும் மலையாளத்திலும் நீளத்தில் பெரிதும் ஒத்திருப்பதால் இங்கே அதுவே நம்பத்தக்க அளவுகோல். எனினும் கடிகாரத்தை வைத்து அளந்த தாழ்ந்த மதிப்பெண்ணைப் பகுத்தறிவுக் குறைவு என்று பதிவேட்டில் எழுதுவதற்கு முன், அதே நோயாளிக்குக் இடையில் விதி மாறும், காலவரம்பற்ற அட்டை வகைப்படுத்தும் சோதனையையும், கூடுமானவரை வெயில் ஏறாத காலை நேரத்தில், அவர் பள்ளியில் படித்த மொழியில் தர வேண்டும். அவ்வாறு தந்தபின்னும் விதி மாறுவதை உணராமல் பழைய விதியையே பிடித்துக்கொண்டிருப்பவர்கள் பலராகவும், அவர்களுள் நெற்றிமடல் புண்கள் மிக்கவர்களே மிகுதியாகவும் இருந்தால், இங்கு மறுக்கப்பட்ட பழைய விளக்கத்தைத் திரும்ப ஏற்கவேண்டி வரும்.