அந்தரங்க உடற்பரிசோதனை

மார்பகம், பிறப்புறுப்பு, மலக்குடல் ஆகியவற்றை மருத்துவர் பார்த்தோ தொட்டோ செய்யும் சோதனை. நோயாளியின் கூச்சம் மருத்துவத்தையே மாற்றியதும் உண்டு. 1816இல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் ரெனே லெனெக்கிடம் இதயநோய் அறிகுறிகளுடன் ஓர் இளம்பெண் வந்தார். அவர் மார்பில் காதை வைத்துக் கேட்பது முறையல்ல எனக் கருதிய லெனெக், காகிதத்தைக் குழலாகச் சுருட்டிக் கேட்டார். ஒலி முன்பைவிடத் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்தது.

அந்தக் குழல் தந்த கண்ணியமான இடைவெளியை இன்று உரையாடல்தான் காக்க வேண்டும். சோதனை ஏன் தேவை, என்ன செய்யப்படும், வலிக்குமா என்று முன்கூட்டியே விளக்கி இசைவு பெற வேண்டும் என்கிறது பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம். ஆடை களைய மறைவிடம் தர வேண்டும். நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். மருத்துவர் ஆணோ பெண்ணோ, உடனிருக்கப் பயிற்சி பெற்ற ஒருவரை அழைக்க நோயாளிக்கு வாய்ப்பளிக்க வேண்டும். உறவினர் உடனிருப்பது ஆறுதல்தான். ஆனால் அவர் நடுநிலைச் சாட்சி ஆகமாட்டார்.

மிகக் கசப்பான அத்தியாயம் அமெரிக்காவினுடையது. மயக்கத்தில் இருந்த பெண்களிடம், கேட்காமலேயே, மருத்துவ மாணவர்கள் இடுப்புக்குழிச் சோதனை பழகினர். கலிபோர்னியா 2003இல் அதைச் சட்டத்தால் தடுத்தது. மருத்துவமனைகள் இதற்குத் தனி இசைவு பெற வேண்டும் என அமெரிக்கக் கூட்டாட்சி அரசு அறிவுறுத்தியது 2024 ஏப்ரலில்தான்.