மாயக் கண்ணாடியும் ஷென் குவோவும்
ஜப்பானின் மாயக் கண்ணாடி வெறும் வெண்கலத் தகடு. பார்த்தா முகம்தான் தெரியும்; வெயில்ல காட்டினா, பின்பக்கச் சித்திரம் எதிர்ச்சுவரில் விழும்! சீனாவிலும் இது பழைய சங்கதி. தடித்த இடம் தாமதமாகக் குளிர்ந்து அதிகம் சுருங்குவதே காரணம் என்று 11-ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார் ஷென் குவோ.

1878-ல், டோக்கியோவில் பாடம் நடத்திய வில்லியம் அயர்ட்டனும் ஜான் பெரியும் வேறு சொன்னார்கள்: எல்லாம் தேய்ப்பில் வருவது. மெல்லிய இடம் அழுத்தத்தில் புடைத்து ஒளியைச் சிதறடிக்கும். தடித்த சித்திரம் அவ்வளவு புடைக்காததால் சுவரில் பளிச்சிடும். மேடு எவ்வளவு? தன்னிடமிருந்த கண்ணாடிக்கு 2006-ல் மைக்கேல் பெர்ரி போட்ட கணக்கு, சுமார் 400 நானோமீட்டர். கண்ணுக்கு எங்க தெரியப்போகுது!

தெருவிளக்குக்கு ஃப்ரீஃபார்ம் லென்ஸ் வடிவமைப்பவர்களின் தலைவலியும் இதேதான். வேண்டிய வெளிச்சத்துக்கான வளைவைக் கணினி கொடுத்துவிடும். வார்ப்பில் வரும் வேண்டாத அலையும் சாலையில் தன் படத்தை வரையும். பிளாஸ்டிக் லென்ஸில் தடித்த இடம்தான் கடைசியில் ஆறிக் குழிகிறது. ஷென் குவோ சொன்னது இங்கே அப்படியே பொருந்துது.