புகையும் எண்ணெயில் தொடங்கிய கதை: ஆன்டிஆக்ஸிடன்ட்

கிரீன் டீ பாக்கெட், ஃபேஸ் கிரீம், டார்க் சாக்லேட், மல்டி விட்டமின் டப்பா, எதை எடுத்துப் பார்த்தாலும் ஆன்டிஆக்ஸிடன்ட்னு ஒரு வார்த்தை அச்சடிச்சிருக்கும். அது என்ன பண்ணும்னு கேட்டா, "உடம்புக்கு நல்லது"ன்னு பதில் வரும். அந்தப் பதில் எங்கிருந்து வந்தது, 1994-ல் அதுக்கு என்ன ஆச்சு, இதுதான் இன்றைய எபிசோட்.

கதை முதல் உலகப் போரில் தொடங்குகிறது. வாணலியில் எண்ணெய்யை வெச்சிட்டு மறந்துட்டா ஒரு புகை வரும் பாருங்க, கண்ணை எரிச்சுத் தண்ணி வர வைக்கும். அந்தப் புகையில் இருக்கும் காரமான பொருளுக்கு அக்ரோலின் என்று பெயர். பிரெஞ்சுப் படை அதையே ஆயுதமாக்கியது. சிக்கல் என்னன்னா, தயாரிச்சு வெச்ச அக்ரோலின் கொஞ்ச நாளில் தானாகவே கெட்டியாகி வீணாகிவிடும். சார்ல்ஸ் மூரூ, சார்ல்ஸ் துஃப்ரெஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் அதில் ஹைட்ரோகுவினோன் மாதிரியான ஃபீனால் பொருள்களைத் துளியூண்டு சேர்த்துப் பார்த்தார்கள். அக்ரோலின் கெடாமல் நின்றது. போர் முடிந்த பிறகும் இருவரும் இதை விடவில்லை. எண்ணெயும் கொழுப்பும் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு கெட்டுப்போவதையும் இதே பொருள்கள் தடுக்கின்றன என்று 1920-களில் காட்டினார்கள்.

ஆக, ஆன்டிஆக்ஸிடன்ட் முதலில் ஒரு தொழிற்சாலைச் சொல். ரப்பர் வெடிக்காமல் இருக்க, பெட்ரோல் பிசுபிசுக்காமல் இருக்க, டின்னில் அடைச்ச கொழுப்பு சிக்கு வாடை அடிக்காமல் இருக்க. உடம்பைப் பற்றி யாரும் பேசவே இல்லை. (நம்ம வீட்டு நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களைவிட லேசில் சிக்குப் பிடிக்காது இல்லையா? அதில் சீசமால் என்ற ஃபீனால் இயற்கையாகவே இருக்கிறது.)

இது எப்படி வேலை செய்கிறது? ஒரு மூலக்கூறில் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாக இருக்கும். ஜோடி இல்லாத ஒற்றை எலக்ட்ரானோடு திரிகிற மூலக்கூறைத்தான் ஃப்ரீ ராடிக்கல்னு சொல்றோம். அது சும்மா இருக்காது, பக்கத்து மூலக்கூறிடமிருந்து பறிக்கும். பறிகொடுத்தது தானே ராடிக்கல் ஆகி அடுத்ததிடம் கை வைக்கும். கொழுப்பில் இந்தச் சங்கிலி மளமளன்னு நீளும். ஆன்டிஆக்ஸிடன்ட் நடுவில் புகுந்து, "இந்தா, என்கிட்ட எடுத்துக்கோ"ன்னு ஒரு ஹைட்ரஜன் அணுவைக் கொடுத்துவிடுகிறது. கொடுத்த பிறகு அதுவும் ஒரு ராடிக்கல்தான். ஆனால் சாதுவானது, யாரையும் பறிக்கப் போகாது. சங்கிலி அங்கே அறுந்துவிடும்.

உடம்புக்குள்ள இந்த வேலையைச் செய்கிறவை வேறு காரணங்களுக்காகத்தான் கண்டுபிடிக்கப்பட்டன. 1922-ல் பெர்க்லியில் ஹெர்பர்ட் ஈவான்ஸும் கேத்தரின் பிஷப்பும் எலிகளுக்கு ஏன் குட்டி தங்குவதில்லை என்று தேடியபோது கிடைத்தது விட்டமின் ஈ. 'டோகோஃபெரால்' என்ற பெயரில் உள்ள கிரேக்கச் சொல்லுக்கும் பிள்ளைப்பேறு என்றுதான் பொருள். அது செல்லின் கொழுப்புச் சுவரில் உட்கார்ந்து சங்கிலியை அறுக்கிறது, அப்படி அறுத்துக் களைத்துப்போன விட்டமின் ஈ-யை விட்டமின் சி மறுபடி தேற்றிவிடுகிறது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

1954-க்கு வருவோம். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெபெக்கா கெர்ஷ்மன், அமெரிக்காவின் ரோசெஸ்டரில் சக ஆய்வாளர்களோடு 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதிக அழுத்த ஆக்சிஜனும் எக்ஸ்-கதிரும் உடம்பைக் கெடுப்பது ஒரே வழியில்தான், அந்த வழி ஃப்ரீ ராடிக்கல் என்றது அந்தக் கட்டுரை. யோசிச்சுப் பாருங்க, நாம உயிர் வாழ இழுக்கிற மூச்சுக்கும் கதிர்வீச்சுக்கும் உறவு இருக்குன்னு அந்தக் காலத்துல சொல்றாங்க! அவருக்குச் சேர வேண்டிய பெயர் முழுசாகச் சேரவில்லை என்பது என் எண்ணம்.

பெயர் கிடைத்தது டென்ஹாம் ஹார்மனுக்கு. ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்து, பிறகு மருத்துவம் படித்தவர். அதாவது தொழிற்சாலை ராடிக்கலையும் தெரியும், உடம்பையும் தெரியும். 1956-ல் அவர் சொன்னது: முதுமை என்பதே ராடிக்கல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யும் சேதம். 1969-ல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் சூப்பராக்ஸைடு என்ற ராடிக்கலை அழிப்பதற்கென்றே உடம்பில் ஒரு என்சைம் இருப்பதைக் கண்டுபிடித்ததும் ஹார்மனின் கருத்துக்குப் பலம் கூடியது. வேடிக்கை என்னன்னா, அந்தப் புரதம் 1938-லேயே மாட்டு ரத்தத்தில் இருந்து பிரிக்கப்பட்டிருந்தது. எதுக்கு இருக்குன்னுதான் யாருக்கும் தெரியல.

அடுத்த வருஷமே லைனஸ் பாலிங் விட்டமின் சி-யும் சளியும் பற்றிப் புத்தகம் போட்டார். இரண்டு நோபல் பரிசு வாங்கினவர் சொன்னா மாத்திரை விற்காதா? விற்றது. இன்னொரு பக்கம், காய்கறி பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்று ஆய்வுகள் வந்தன. 1981-ல் ரிச்சர்ட் பீட்டோ, ரிச்சர்ட் டால் உள்ளிட்டோர் 'நேச்சர்' இதழில் கேட்டார்கள்: கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின்தான் காரணமா? கேள்வியாகத்தான் கேட்டார்கள், சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

சோதித்தது ஃபின்லாந்து. 1985-ல் தொடங்கிய ஆய்வு. 50 முதல் 69 வயது வரையிலான, சிகரெட் பிடிக்கிற ஆண்கள் 29,133 பேர். நாலு பிரிவு: ஒரு பிரிவுக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், ஒன்றுக்கு 50 மில்லிகிராம் விட்டமின் ஈ, ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்கு வெறும் டம்மி மாத்திரை. யாருக்கு எதுன்னு குலுக்கல் முறையில் முடிவு. ஐந்து முதல் எட்டு வருஷம் வரை பின்தொடர்ந்தார்கள்.

1994 ஏப்ரலில் முடிவு வந்தது. மொத்தம் 876 பேருக்கு நுரையீரல் புற்றுநோய். விட்டமின் ஈ அதைக் குறைக்கவில்லை. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களில் 474 பேர், சாப்பிடாதவர்களில் 402 பேர். 18 சதவீதம் கூடுதல்! இறப்பும் 8 சதவீதம் அதிகம்.

நிறையப் பேர் நம்பவில்லை. தற்செயலாக இருக்கும் என்றார்கள். அதே நேரத்தில் அமெரிக்காவில் கேரட் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஒரு ஆய்வு நடந்துகொண்டிருந்தது. 18,314 பேர்: சிகரெட் பிடிப்பவர்கள், விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் வேலை செய்தவர்கள். பீட்டா கரோட்டினோடு விட்டமின் ஏ-யும் கொடுத்தார்கள். அங்கே நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் கூடுதல், இறப்பு 17 சதவீதம் கூடுதல். 1996 ஜனவரியில், முடிய வேண்டிய தேதிக்கு 21 மாதம் முன்னாடியே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். மருத்துவர்கள் 22,071 பேரை வைத்து நடந்த இன்னொரு ஆய்வில், 12 வருஷம் சாப்பிட்டும் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. அவர்களில் சிகரெட் பிடிப்பவர்கள் குறைவு.

இதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. ஃபின்லாந்து ஆய்வின் தொடக்கத்திலேயே, சாப்பாடு வழியாகப் பீட்டா கரோட்டின் அதிகம் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பிற்பாடு புற்றுநோய் குறைவாகத்தான் வந்தது. பழைய ஆய்வுகள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கேரட் சாப்பிடுகிறவர் வேறு பலதும் சாப்பிடுகிறார், ஒருவேளை சிகரெட்டும் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கிறார். அந்த மனுஷரின் முழு வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு மூலக்கூறை உருவி எடுத்து மாத்திரையாக்கினார்கள். ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகமாக இருந்தது அவர் எப்படி வாழ்கிறார் என்பதற்கு அடையாளம். அதையே மருந்துன்னு எடுத்துக்கிட்டாங்க.

சரி, சும்மா இருக்காமல் ஏன் கெடுதல் செய்தது? ஒரு விளக்கம்: புகை நிறைந்த நுரையீரலில் பீட்டா கரோட்டினே ஆக்ஸிஜனேற்றம் அடைந்து உடைந்து, அந்தத் துண்டுகள் செல்லைத் தொந்தரவு செய்கின்றன. இன்னொன்று, ராடிக்கல்கள் முழு வில்லன்கள் இல்லை. வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்ல வேண்டுமென்றே சூப்பராக்ஸைடு தயாரிக்கின்றன. உடற்பயிற்சி செய்யும்போது வரும் ராடிக்கல்கள் தசைக்கு "தயாராகு" என்று சொல்லும் செய்தி. 2009-ல் ஒரு ஜெர்மன் ஆய்வில், உடற்பயிற்சி செய்த இளைஞர்கள் கூடவே விட்டமின் சி, ஈ மாத்திரை எடுத்துக்கொண்டபோது, இன்சுலின் நன்றாக வேலை செய்வது என்ற பலன் கிடைக்காமல் போனது. கெட்டுப்போன செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளவும் ராடிக்கல் தேவைப்படும். புற்றுநோய் செல்லையும் சேர்த்து நாம காப்பாத்தி விட்டா?

2011-ல் விட்டமின் ஈ-யின் கதையும் அப்படித்தான் ஆனது. 35,533 ஆண்கள் கலந்துகொண்ட அமெரிக்க ஆய்வில், தினமும் 400 யூனிட் சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம். அடுத்த வருஷம் அமெரிக்க வேளாண்மைத் துறை, எந்த உணவில் எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தி என்று போட்டிருந்த பட்டியலையே தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. சோதனைக் குழாயில் வரும் எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் சம்பந்தமில்லை, கம்பெனிகள் அதை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று காரணம் சொன்னது.

இப்போ நடைமுறைக்கு ஒன்று. மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேயும் நோய் ஒன்று உண்டு. அதன் ஒரு கட்டத்தில் விட்டமின் சி, ஈ, துத்தநாகம் சேர்ந்த மாத்திரை பார்வை இழப்பைத் தாமதப்படுத்துகிறது என்று 2001-ல் ஆய்வு காட்டியது. அந்தக் கலவையில் பீட்டா கரோட்டினும் இருந்தது. 2013-ல் வந்த அடுத்த ஆய்வில் அதை எடுத்துவிட்டு லூட்டின், ஸியாக்ஸாந்தின் போட்டார்கள், காரணம் இதே நுரையீரல் புற்றுநோய்தான். வீட்டில் சிகரெட் பிடிக்கிற அப்பாவோ, விட்டுட்ட தாத்தாவோ கண்ணுக்கு மாத்திரை சாப்பிட்டா, அட்டையைத் திருப்பி அதில் பீட்டா கரோட்டின் இருக்கான்னு பாருங்க. இருந்தா அடுத்த முறை கண் டாக்டரைப் பார்க்கும்போது அந்த அட்டையைக் கையோட எடுத்துட்டுப் போய்க் கேளுங்க.